ஒரு பைசாவுக்கு ஓர் இணையதளம்

ஏப்ரல் 14 அன்று மூலக்குளத்தில் வில்லியனூர் சாலையின் எந்தப் பக்கம் நடந்தாலும் நீலக்கொடிதான். தெருவுக்கொரு படம், மாலை, ஒலிபெருக்கி, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம். மேடையில் பேசுவதை நான்கைந்து பேராவது கைப்பேசியில் நேரலையாக ஓடவிடுகிறார்கள். மறுநாள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மறைந்துவிடுகிறது. முகநூல் நேரலை மட்டுமாவது தங்கும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். 2025 பிப்ரவரியில் அந்த நிறுவனமே அறிவித்துவிட்டது: நேரலை வீடியோக்கள் இனி 30 நாள்தான் இருக்கும், பிறகு அழிக்கப்படும், பழையவையும் படிப்படியாக அழிக்கப்படும், வேண்டுமானால் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று. எத்தனை தெருக்கூட்டங்கள், எத்தனை உண்மை அறியும் குழுக்களின் செய்தியாளர் சந்திப்புகள், காவல் நிலைய வாசலில் தாய்மார்கள் கதறிச் சொன்ன எத்தனை சாட்சியங்கள் அந்த நேரலைகளில் இருந்தன! அவற்றை இறக்கி வைத்தவர்கள் எத்தனை பேர்?

நான் தலித் அச்சு இதழ்களைப் பற்றி ஆய்வு செய்கிறவள். நூறாண்டுக்கு முந்தைய தாளைத் தேடி அலைகிற எனக்கு, போன வாரத்துக் கூட்டத்தின் பதிவே கிடைக்காமல் போவதைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது. சாதாரண மக்கள் தாங்களே ஓர் இணையதளம் அமைத்துக்கொள்ள எளிய கருவி வேண்டும் என்பதைக் கணினிக்காரர்களின் விவாதமாக ஒதுக்கி வைத்திருக்கிறோம். அது சாதி ஒழிப்பு அரசியலின் கோரிக்கையாக வர வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அச்சின் கதையைப் பார்ப்போம். 1907 ஜூன் 19, புதன்கிழமை. சென்னை இராயப்பேட்டையில் இருந்து அயோத்திதாசப் பண்டிதரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவந்தது. விலையே இதழின் பெயர். அணாவில் கால் பங்கு. ஓராண்டு கழித்து வாசகர்கள் கேட்டுக்கொண்டபடி ‘தமிழன்’ ஆனது. 1914இல் அவர் மறையும் வரை வாரம் தவறாமல் பௌத்தம், வரலாறு, மருத்துவம், அன்றாட அரசியல் என்று எழுதிக்கொண்டே இருந்தார். பிற்காலத்தில் கோலார் தங்கவயலில் இருந்து ஜி. அப்பாதுரையார் அதே பெயரில் நடத்தினார்.

இவ்வளவும் நடந்த பிறகு தமிழ் அறிவுலகம் என்ன செய்தது? மறந்தது. மறந்தது என்பதுகூட மரியாதையான சொல். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ தொகுதிகளை வெளியிட்ட பிறகுதான் பல்கலைக்கழகங்கள் விழித்துக்கொண்டன. 1914க்கும் 1999க்கும் இடையில் 85 ஆண்டுகள். அந்தத் தொகுதிகளாவது வர முடிந்ததற்குக் காரணம், அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய பிரதிகளை வீட்டில் வைத்துக் காப்பாற்றியதுதான். இதழ் அச்சாகி மக்கள் கைக்குப் போய்விட்டதால், யாரும் நினைத்தாலும் எல்லாப் பிரதியையும் ஒரே நாளில் அழிக்க முடியவில்லை. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அச்சகம் வைத்திருப்பவன் யார் என்பதில் சாதி எப்போதும் இருந்தது. 1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கர் ‘மூக்நாயக்’ தொடங்கினார். அதற்கு ஒரு விளம்பரம் போடுங்கள், காசு தருகிறோம் என்று கேட்டும் திலகரின் ‘கேசரி’ மறுத்துவிட்டது. காசு கொடுத்தாலும் இடம் கிடையாது! ஊமைகளின் தலைவன் என்று பெயர் வைத்த இதழுக்கு நாட்டின் மிகப் பெரிய ‘தேசியவாதி’ கொடுத்த வரவேற்பு அது. சொந்த இதழ் என்பது அம்பேத்கருக்கு ஆசையாக இருக்கவில்லை, வேறு வழி இருக்கவில்லை. பகிஷ்கரித் பாரத், ஜனதா, பிரபுத்த பாரத் என்று கடைசி ஆண்டு வரை இதழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பெரியாரும் 1925 மே 2 அன்று ஈரோட்டில் ‘குடி அரசு’ தொடங்கியதில் இருந்து இதழ் இல்லாமல் இருந்ததே இல்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் தனிப் பாடம் ஒன்று இருக்கிறது. 1908இல் பாரதி இங்கே ஓடி வந்தார். பாரதி மீது நமக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு, அது வேறு கணக்கு. பிரெஞ்சு மண்ணில் 1881ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டம் இருந்தது. பிரிட்டிஷ் போலீஸ் உள்ளே வந்து அச்சகத்தைப் பூட்ட முடியாது. ‘இந்தியா’ இதழ் இங்கிருந்து அச்சாகிப் போனது. பிரிட்டிஷ் அரசு அச்சகத்தைத் தொடாமலே அதை முடித்தது: இதழ் தன் எல்லைக்குள் நுழையத் தடை போட்டது, சந்தாதாரர் கைக்குப் போகாத இதழ் 1910 மார்ச்சில் நின்றது. அன்று அச்சு ஒரு கையில் இருந்தது, தபால் இன்னொரு கையில் இருந்தது. இன்று முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் எழுதுகிற நமக்கு அச்சு, தபால், தாள், மை எல்லாமே ஒரே நிறுவனத்தின் கையில்.

அந்த நிறுவனங்கள் நம்மை எப்படி நடத்துகின்றன என்பது புதிதல்ல. 2019 நவம்பரில் பத்திரிகையாளர் திலீப் மண்டலின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பிய பிறகே திரும்பக் கிடைத்தது. அவருக்காகக் குரல் கொடுக்க ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். உள்ளூரில் ஆதிக்க சாதி இளைஞர்கள் ஐம்பது பேர் கூடி ஒரு சேரிப் பையனின் பக்கத்தைப் புகார் செய்து முடக்கினால் யார் குரல் கொடுப்பார்கள்? 2020 ஜூன் 29 இரவு டிக்டாக் தடை வந்தது. அந்தச் செயலியைப் பற்றி நம் முற்போக்காளர்களே முகம் சுளித்தார்கள். ஆனால் சினிமாவும் தொலைக்காட்சியும் வாசல் திறக்காத கிராமத்துப் பிள்ளைகள், கூலி வேலைக்குப் போகும் பெண்கள், திருநங்கையர் அங்கேதான் முகம் காட்டினார்கள். தடை போட்டது சரியா தவறா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அவர்கள் வருடக்கணக்காகச் சேர்த்த பார்வையாளர்கள் ஒரே இரவில் போனார்கள். வேறு இடத்துக்கு அழைத்துப் போக அவர்களிடம் ஒரு முகவரிகூட இல்லை.

இணையம் இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் செர்ன் ஆய்வகத்தில் எழுதிய முதல் உலாவியில் பக்கத்தைப் படிக்கவும் முடியும், அங்கேயே எழுதவும் திருத்தவும் முடியும். பிறகு உலகெங்கும் பரவிய உலாவிகளில் படிக்கும் பாதி மட்டும் தங்கியது. எழுதும் பாதி கழன்றுபோய், தனித் தொழில் ஆனது. அந்த இடைவெளியில்தான் 1994இல் ஜியோசிட்டீஸ் வந்தது. யாரும் இலவசமாக ஒரு பக்கம் அமைக்கலாம் என்றது. 1999இல் யாஹூ வாங்கியது, 2009 அக்டோபரில் இழுத்து மூடியது. தன்னார்வலர்கள் அவசர அவசரமாக நகலெடுத்த அளவுக்குத்தான் மிஞ்சியது.

தமிழுக்கு இதில் கூடுதல் பாடு. 1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றினார். ஆனால் பல ஆண்டுகள் தளத்துக்கொரு எழுத்துரு இறக்கினால்தான் படிக்க முடியும் என்ற நிலை. யூனிகோடும் இ-கலப்பை போன்ற இலவச மென்பொருளும் வந்த பிறகு, 2003, 2004 வாக்கில், கதவு திறந்தது. ப்ளாகரில் தலைப்புக்கு ஒரு பெட்டி, எழுத ஒரு பெட்டி, வெளியிட ஒரு பொத்தான். அவ்வளவுதான் கருவி. 2004இல் வந்த தமிழ்மணம் எல்லா வலைப்பூக்களையும் ஓரிடத்தில் திரட்டிக் காட்டியது. வெகுஜனப் பத்திரிகைகள் வாசகர் கடிதம் பகுதியில்கூடச் சேர்த்திருக்காத ஆட்கள் இடஒதுக்கீட்டைப் பற்றி, இரட்டைக் குவளையைப் பற்றி, விடுதி வாழ்க்கையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். எதிர்த்து எழுதியவர்களுக்குப் பதிலும் எழுதினார்கள். அந்தப் பத்தாண்டு இல்லாமல் இன்றைய இணையத் தமிழில் சாதி எதிர்ப்புப் பேச்சு இவ்வளவு இயல்பாக இருந்திருக்காது என்பது என் துணிபு. எளிய கருவி கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை. (அந்தச் சமயத்திலேயே, 2006 ஜூலையில் மும்பை ரயில் குண்டுவெடிப்பை அடுத்து அரசு சில பக்கங்களை முடக்கச் சொல்ல, இணைய நிறுவனங்கள் ப்ளாக்ஸ்பாட் முழுவதையும் சில நாட்கள் அடைத்துவிட்டன. வாடகை வீட்டின் கதை அது.)

இப்போது நிலைமை என்ன? எங்கள் பகுதியில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் இளைஞர்கள் தங்கள் இரவுப் பாடசாலைக்கு ஒரு தளம் வேண்டும் என்றார்கள். நகரத்தில் ஒரு நிறுவனத்தில் விசாரித்தோம். அமைத்துத் தர 25,000 ரூபாய், அப்புறம் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம். ஒரு எழுத்தை மாற்ற வேண்டும் என்றாலும் அவர்களிடம் சொல்லித்தான் மாற்ற வேண்டும். கடவுச்சொல்லை எங்களிடம் தருவீர்களா என்று கேட்டதற்கு, “உங்களுக்கு எதுக்குங்க அந்தத் தலைவலி?” என்றார் அங்கிருந்தவர். வெளியே வந்ததும் பாலிடெக்னிக் படிக்கும் தம்பி, “விடுக்கா, இன்ஸ்டால ஒரு பேஜ் போட்டுக்கலாம், ஃப்ரீதான்” என்றான். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

பிறகு நாங்களே முயன்றோம். வேர்டுபிரஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 2003இல் இருந்து இருக்கிறது, கட்டற்ற மென்பொருள், உலகின் ஏராளமான தளங்கள் அதில்தான் ஓடுகின்றன. ஆனால் முதலில் பெயர் வாங்க வேண்டும், பிறகு இடம் வாங்க வேண்டும், இரண்டையும் இணைக்க வேண்டும், மென்பொருளை நிறுவ வேண்டும், மாதம் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் எவனோ உள்ளே புகுந்து மருந்து விளம்பரம் ஓட்டுவான். இழுத்து வைத்தால் பக்கம் தயார் என்று சொல்லும் வெளிநாட்டுச் சேவைகளில் கட்டணம் டாலரில், கிரெடிட் கார்டில். எங்கள் தெருவில் கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதைவிட, அங்கே கட்டிய தளத்தை அப்படியே பெயர்த்து இன்னோர் இடத்தில் வைக்க முடியாது. அமைப்புகளெல்லாம் ஆங்கிலத்தில். கைப்பேசியில் திறந்தால் பாதிப் பொத்தான் திரைக்கு வெளியே.

கைப்பேசி என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 2017-18இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி கிராமப்புறக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை நூற்றுக்கு 4 சொச்சம், நகரத்தில் 23 சொச்சம். அதில் சாதிவாரியாக யார் வீட்டில் கணினி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து செய்வதற்காக வடிவமைத்த கருவி, வடிவமைக்கும் போதே சேரியை வெளியே நிறுத்திவிடுகிறது. யாரும் தீய எண்ணத்தோடு செய்வதில்லை. செய்கிறவர்களின் வீட்டில் எல்லோரிடமும் மடிக்கணினி இருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்து தேவை மிகச் சிறியது. தமிழில் பேசும், கைப்பேசியில் முழுதும் இயங்கும் ஒரு செயலி. எழுது, படம் சேர், தேதி போடு, வெளியிடு. வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே அதற்குள் அனுப்ப முடிய வேண்டும், ஏனென்றால் நம் ஆவணங்கள் எல்லாம் முதலில் அங்கேதான் வந்து விழுகின்றன. உருவாகும் தளம் சாதாரணக் கோப்புகளாக இருக்க வேண்டும். முழுத் தளத்தையும் ஒரு பென் டிரைவில் போட்டு நான்கு வீட்டில் வைக்க முடிய வேண்டும். மேலே மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான். ஒரு சேவை மூடினாலும், அரசு முடக்கினாலும், அடுத்த நாளே வேறு இடத்தில் ஏற்றலாம். தொழில்நுட்பத்தில் இது பெரிய விஷயமே அல்ல, தெரிந்தவர்கள் இன்றும் இப்படித்தான் தங்கள் தளங்களை அமைக்கிறார்கள்.

கடினமான பகுதி வேறு இடத்தில் இருக்கிறது. நம் இயக்கத் தளங்கள் சாவதற்கு முக்கியக் காரணம் தொழில்நுட்பம் இல்லை. தளத்தின் பெயர் ஒரு தோழரின் தனி மின்னஞ்சலில் பதிவாகியிருக்கும். அவருக்கு வேலை மாறும், கல்யாணம் ஆகும், அமைப்போடு மனஸ்தாபம் வரும், இறந்தும் போவார். ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்ப் புதுப்பிப்புக் கட்டணம் கட்ட ஆளில்லாமல் பெயர் காலாவதியாகும். அதை எவனோ வாங்கி ரம்மி விளம்பரம் ஓட்டுவான். பத்தாண்டுக் கட்டுரைகள் இருந்த முகவரியில் சூதாட்டம் ஓடுவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன். ஆகவே கருவி என்றால் செயலி மட்டும் போதாது. மூன்று நான்கு பேர் கூட்டாக உரிமை வைத்திருக்கும் ஏற்பாடு வேண்டும், ஒருவர் போனால் மற்றவர் எடுத்து நடத்தும்படி. வங்கியில் சங்கத்துக்குக் கூட்டுக் கணக்கு வைப்பதில்லையா, அது மாதிரி.

பாதுகாப்பும் உண்டு. பெயர் பதிவு செய்ய உண்மையான பெயர், முகவரி, தொலைபேசி எண் தர வேண்டும். தன் ஊர் ஆதிக்க சாதியினர் மயானப் பாதையை மறித்ததை எழுதும் பெண் தன் வீட்டு முகவரியை அந்தப் பதிவில் தருவாளா? அவள் சார்பில் ஓர் அமைப்பு பெயரைப் பதிந்து, சட்டப் பொறுப்பையும் ஏற்க வேண்டியிருக்கும். எளிய கருவி என்று பேசும் பலர் இந்த இடத்துக்கு வருவதே இல்லை.

அரசு செய்யலாமே என்று கேட்கலாம். உண்மையில் அரசு ஏற்கெனவே செய்திருக்கிறது, தனக்காக. தேசிய தகவல் மையம் ‘எஸ்3வாஸ்’ என்று ஒரு தள உருவாக்கக் கருவி வைத்திருக்கிறது. மாவட்ட நிர்வாகங்களின் தளங்கள் பலவும் அதில் அமைந்தவைதான். மாநில மொழி உண்டு, வார்ப்புரு உண்டு, நிரல் தெரியாத அலுவலரே பக்கத்தை மாற்றலாம். மக்கள் பணத்தில் ஆட்சியருக்குக் கிடைத்த வசதி மகளிர் குழுவுக்கும் கிளை நூலகத்துக்கும் ஏன் கிடைக்கக் கூடாது? கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் நாம் கேட்க வேண்டியது கருவியை, அதன் நிரலை. இடத்தை அல்ல. வட்டாட்சியர் அலுவலக முற்றுகையைப் பற்றிய செய்தியை அரசின் வழங்கியில் எத்தனை நாள் விட்டு வைப்பார்கள்?

இங்கே ஒரு சின்ன விலகல். பிரெஞ்சு இந்திய நிறுவனத்தில் உள்ள சைவ ஓலைச்சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறின. நல்லது, காக்க வேண்டியவைதான். அதே நகரத்தில் அட்டவணைச் சாதிக் குடும்பங்கள் சாதிச் சான்றுக்காக 1964க்கு முன் தங்கள் தாத்தா இங்கே இருந்தார் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் தேடி அலைகின்றன. அந்த ஆண்டு வந்த குடியரசுத் தலைவர் ஆணையை வைத்து ‘பூர்வீகம்’, ‘குடிபெயர்ந்தோர்’ என்று பிரித்து, குடிபெயர்ந்தோர் என்றால் இடஒதுக்கீட்டில் இடமில்லை என்கிறார்கள். ஆவணம் இல்லாதவர்களுக்கு என்ன நேரும் என்பதைப் புதுச்சேரி தலித்துகளுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

“இப்போது யார் வெப்சைட்டுக்கு வருகிறார்கள்?” என்று கேட்கும் தோழர்களுக்கு: இன்ஸ்டாகிராமை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆட்களைக் கூட்டத் தெருமுனை வேண்டும். கூட்டத்தில் பேசியதை வைக்க ஓர் அலமாரியும் வேண்டும். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். 2025 ஜனவரியில் சிபிசிஐடி அதே சேரியின் இளைஞர்கள் மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. உடனே துண்டு துண்டான ஆடியோக்களும் வீடியோக்களும் பரவின, பார்த்த வேகத்தில் ஊரே தீர்ப்பு எழுதியது. அந்த மக்கள் ஈராண்டுகளாகச் சொல்லி வந்தது தேதிவாரியாக, அவர்கள் வாய்மொழியாக, அவர்கள் பெயரிலேயே ஓர் இடத்தில் இருந்திருந்தால் தேடி வருகிறவன் இரண்டையும் வைத்துப் பார்த்திருப்பான். செயற்கை நுண்ணறிவு பக்கம் கட்டித் தருகிறதே என்பவர்களுக்கும் இதே பதில்தான். கட்டித் தருவது ஐந்து நிமிடம், யார் பெயரில், எத்தனை ஆண்டு, மாத வாடகை யார் தருவது என்பதுதான் பிரச்சினை. தவிர, நாளை அந்த இயந்திரங்கள் நம் ஊர்களைப் பற்றி என்ன சொல்லும்? இணையத்தில் இருப்பதைத்தானே சொல்லும்.

ஆட்கள் இல்லாமல் இல்லை. விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிக் கணினி கற்பிக்கிறது. புதுச்சேரியிலேயே கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளும் இன்று பொறியியல் படித்து மென்பொருள் வேலையில் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு கொடுக்கத் தயாராக இருப்பவர்களை எனக்கே பத்துப் பேர் தெரியும். அவர்களிடம் நாம் இதுவரை கேட்டதெல்லாம் ஏப்ரல் 14க்கு போஸ்டர் வடிவமைத்துத் தா என்பதுதான். ஓர் அமைப்பு அடுத்த மாநாட்டில் நுழைவாயில் வளைவையும் கட்அவுட்டையும் குறைத்துக்கொண்டால் இரண்டு இளைஞர்களுக்கு ஓராண்டுச் சம்பளம் வரும். ஒருவர் கருவியைக் கட்ட, இன்னொருவர் சேரி சேரியாகப் போய், படிப்பகத்திலும் இரவுப் பாடசாலையிலும் உட்கார்ந்து, அந்தக் கைப்பேசிகளில் கிடப்பதை அவர்களே எடுத்து வைக்கக் கற்றுத்தர. பெயர்ப் பதிவுக்கு ஓர் அறக்கட்டளை, மூன்று கையெழுத்து. முதல் வேலையாக, 30 நாள் கெடுவுக்குள் அழியப்போகும் நேரலைகளை இறக்கத் தொடங்கலாம். அதற்குக் கருவி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், ஒரு வன்தட்டு போதும்.